குழலைத் தேய்க்க வந்தவள்

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் என் தமக்கையின் மகள் சுவிற்சர்லாந்திலிருந்து கோமாரிக்கு வந்து இறங்கியபோது, அவளுடைய பயணப் பெட்டியிலிருந்து வெளிப்பட்ட பொருள்களுள் ஒன்று மட்டும் எங்கள் வீட்டார் எவருக்கும் விளங்கவில்லை. சொக்கலேற்றுகள் இருந்தன, சவர்க்காரங்கள் இருந்தன, கோமாரிக் கடற்கரையின் வெயிலில் எங்கே போர்த்துவது என்று எவரும் எண்ணிப் பாராமல் அம்மாவுக்கென அன்போடு வாங்கிய கம்பளிப் போர்வை ஒன்றும் இருந்தது. இவற்றுக்கெல்லாம் அடியில் பழைய துணியிற் சுற்றப்பட்ட சிறு தகரக் குப்பி ஒன்று கிடந்தது. மூடியைத் திறந்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு பசை. விரல் நுனியில் எடுத்து உரசிப் பார்த்தால் மணல் போல நறநறத்தது.

"இதென்ன மகள்?" என்று கேட்டேன்.

"துவக்குக் குழலைத் தேய்க்கிற பசை, மாமா. தேய்க்கலாமா எண்டு உங்களிட்டக் கேக்கத்தான் கொண்டு வந்தனான்" என்றாள் அவள், வெகு இயல்பாக.

திண்ணையில் அமர்ந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் தாயாரின் கை அப்படியே நின்றது. சுளகைக் கீழே வைத்தார். ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து அடுக்களைக்குட் சென்றுவிட்டார்.

இதைப் படிக்கும் வாசகர்களுள், துப்பாக்கி என்ற சொல்லைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிட எண்ணுவோர் இருப்பின் அவர்களைச் சற்றுப் பொறுத்திருக்க வேண்டுகிறேன். அச்சொல்லின்மீது அவர்களுக்குள்ள வெறுப்பு எனக்கும் உண்டு. 1990ஆம் ஆண்டில் நாங்கள் கோமாரியை விட்டு இடம்பெயர்ந்தபோது எனக்குப் பதினொரு வயது. அந்த ஆண்டில் ஒரு நாட் காலையில் வீட்டைவிட்டுப் புறப்பட்ட என் தாய்மாமன் பின்னர் திரும்பி வரவேயில்லை. திருக்கோவில் சித்திர வேலாயுத சுவாமி ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு ஆண்டுதோறும் அம்மா செல்கிறார், கடலில் நீராடுகிறார், பாட்டனாரை நினைத்துச் செய்ய வேண்டியவற்றை என்னைக்கொண்டு செய்விக்கிறார். தம்பியின் பெயரை மட்டும் ஐயர் கேட்கும்போது சொல்வதில்லை. வருவான் என்று இருப்பவனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பது எங்ஙனம்? இத்தகைய வீட்டுக்குள்ளேதான் அந்தத் தகரக் குப்பி வந்து சேர்ந்தது.

என் மருமகளுக்கு வயது பதினேழு. அவள் பிறந்து வளரும் நாட்டில் இலக்குச் சுடுதல் என்பது நம்மூரிற் கரப்பந்தாட்டம் போன்றது. கிராமத்துக்குக் கிராமம் அதற்கெனச் சங்கமும் சுடுகளமும் வைத்திருக்கிறார்கள். சூரிச் நகரில் இளைஞர்களுக்கென ஆண்டுதோறும் நடைபெறும் புகழ்பெற்ற சுடுபோட்டியில் 1991ஆம் ஆண்டு முதல் பெண் பிள்ளைகளும் பங்குபற்றி வருகின்றனர். 2021இல் தோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் 50 மீற்றர் றைபிள் போட்டியில் பெண்கள் பிரிவின் தங்கப் பதக்கத்தை நீனா கிறிஸ்ரன் என்ற சுவிஸ் பெண் வென்றாள். 2024இல் பாரீஸ் ஒலிம்பிக்கிலும் அதே பதக்கம் அந்நாட்டுக்கே, கியாரா லியோனே என்ற பெண்ணின் வழியாக, கிடைத்தது. வகுப்புத் தோழியர் அனைவரும் அதைப் பற்றியே பேசும் ஊரில் இவளும் சங்கத்தில் சேர்ந்ததில் வியப்பில்லை. அக்கா இரண்டு வாரம் மகளோடு பேசவில்லையாம். அத்தான்தான் மனமிரங்கிச் சங்கத்தாரின் உதவியுடன் தம் பெயரிற் பழைய றைபிள் ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறார். வாங்கிய அன்று தமக்கும் கை நடுங்கியதென அவர் என்னிடம் தொலைபேசியிற் சொன்னார்.

அந்தப் போட்டியைப் பற்றிச் சில வார்த்தைகள். துப்பாக்கியின் குழல் 5.6 மில்லிமீற்றர் அகலமுடையது. தோட்டாவின் அடியில் சிறிய விளிம்பு ஒன்று இருக்கும். வெடிக்கும் மருந்தை அந்த விளிம்பின் மடிப்புக்குள்ளேயே பரப்பியிருப்பார்கள். ஊசி விளிம்பில் அடித்தவுடன் தீப்பற்றும். பிரான்ஸ் தேசத்து ஃபுளோபேர் என்பவர் 1845 அளவில் தொடக்கிவைத்த இந்த முறை 1887இல் அமெரிக்காவில் இன்றைய வடிவத்தை அடைந்தது. சன்னம் வெறும் ஈயம், நிறை 2.6 கிறாம். இதனைக்கொண்டு 50 மீற்றர் தூரத்தில் நிற்கும் கடதாசி அட்டையில், 10.4 மில்லிமீற்றர் குறுக்களவுள்ள நடுவட்டத்தில் சுட வேண்டும். ஒரு சட்டைப் பொத்தானின் அளவு என்று கொள்ளுங்கள். மண்டியிட்டும், குப்புறப் படுத்தும், நின்றும் சுட வேண்டும். இதே பாரீஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் பிரிவில் இந்தியாவின் சுவப்னில் குசாலே வெண்கலப் பதக்கம் பெற்றதை வாசகர்கள் அறிந்திருக்கலாம்.

என் மருமகளின் குறை இதுதான்: குறி சரியாக இருந்தும் சன்னங்கள் ஒரே இடத்தில் விழவில்லை. துப்பாக்கி பழையதாகையால் குழலின் உட்புறம் கரடுமுரடாகியிருக்கும் என்று அவள் தானே முடிவு செய்துகொண்டாள். உட்புறத்தைப் பசையிட்டுத் தேய்த்து வழுவழுப்பாக்கினால் குறி திருந்தும் என்று எங்கோ கேள்விப்பட்டு, கைச்செலவுக் காசை மிச்சம் பிடித்து அந்தக் குப்பியை வாங்கிவிட்டாள். தேய்ப்பதற்கு முன் பௌதிகவியல் படிப்பிக்கும் மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமென்று அவளுக்குத் தோன்றியது என் அதிர்ஷ்டமோ அவளுடைய அதிர்ஷ்டமோ அறியேன்.

அவள் கேள்விப்பட்டதில் உண்மை இல்லாமலில்லை. சிறந்த குழல்களைச் செய்யும் கொல்லர்கள் உண்மையாகவே உட்புறத்தைத் தேய்த்துத்தான் முடிக்கிறார்கள். குழலின் உட்சுவரில் புரிபுரியாகப் பள்ளங்கள் ஓடுகின்றன. அவை சன்னத்தைப் பம்பரம் போலச் சுழற்றி அனுப்புகின்றன. ஏறத்தாழ 40 சென்ரிமீற்றருக்கு ஒரு சுற்று என்ற கணக்கில், வெளியேறும் சன்னம் செக்கனுக்கு 800 முறை சுழலும். பள்ளம் வெட்டிய கருவி விட்டுச் சென்ற நுண்ணிய கீறல்களும், ஓரிடத்தில் இறுக்கமும் ஓரிடத்தில் தளர்ச்சியும் குழலில் இருக்கும். அவற்றைப் போக்க, ஓர் உருக்குக் கம்பியைக் குழலுக்குள் விட்டு, அதன் நுனியைச் சுற்றி உருக்கிய ஈயத்தை அங்கேயே வார்க்கிறார்கள். ஈயம் குளிர்ந்ததும் பள்ளங்களின் அச்சு அப்படியே அதில் பதிந்துவிடும். அதன்மேல் எண்ணெயும் தேய்ப்புத் தூளும் பூசி முன்னும் பின்னும் இழுப்பார்கள். கம்பி புரியின் வழியே தானாகத் திரும்பிக்கொண்டு போகும். எங்கே இறுக்கம், எங்கே தளர்ச்சி என்று கை சொல்லும். இறுகும் இடத்தில் அதிகமாகவும் தளரும் இடத்தில் குறைவாகவும் தேய்த்துத் தேய்த்து, முழு நீளத்துக்கும் ஒரே இறுக்கம் வரும்வரை உழைப்பார்கள். நோக்கம் கண்ணாடி போன்ற மெருகன்று; ஒரே சீரான அளவு.

இதை மருமகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அம்மா மூன்று நாளாகத் துப்பாக்கிப் பேச்சு நடக்கும் அறைக்குள் வரவில்லை. ஆனால் காதைப் பொத்திக்கொள்ளவுமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. "அம்மி தேஞ்சு வழுவழுத்துப் போனா நாங்க கொத்துவிக்கிறம். தேங்காப்பூ அரைபடாது. மினுங்கினா நல்லதெண்டு ஆரு சொன்னது?" என்றார். மருமகள் வாய்விட்டுச் சிரித்தாள். அம்மா சிரித்தாரோ என்னவோ, எங்களுக்குத் தெரியவில்லை.

உண்மையைச் சொல்வதானால், அந்தக் குப்பியைக் கண்ட கணமே எனக்கு ஒரு பழைய வெட்கம் நினைவுக்கு வந்துவிட்டது. மருமகளின் வயதில் நானும் இதே பசையைக் கையிலெடுத்தவன்.

1997ஆம் ஆண்டு. அக்காலத்தில் நாங்கள் திருக்கோவிற் பக்கத்தில் உறவினர் ஒருவரின் தோட்டத்தை எடுத்துச் செய்துகொண்டிருந்தோம். மிளகாயும் கத்தரியும் வைத்திருந்தோம். அப்பாவிடம் மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. எங்கள் சொத்து என்று சொல்லக்கூடியது அந்நாளில் அது ஒன்றே. ஒரு பங்குனியில் அது சக்தியிழந்து இருமத் தொடங்கியது. உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படித்துக்கொண்டிருந்த எனக்கு, இயந்திரத்தின் வால்வுகள் சரியாகப் பொருந்தாமையால் அழுத்தம் கசிகிறது என்று தோன்றிற்று. தோன்றிற்று என்பதைத் தவிர ஆதாரம் ஏதுமில்லை. தலைப்பகுதியைக் கழற்றினேன், கடையில் ஒரு குப்பி 'கிறைண்டிங் பேஸ்ற்' வாங்கினேன், வால்வை அதன் இருக்கையில் வைத்து, கடையும் மத்தைப் போல இரண்டு நாட்கள் ஓயாது சுழற்றித் தேய்த்தேன். தேயத் தேய இரும்பு வெள்ளி போல மின்னியது. அந்த மினுக்கத்தில் ஒரு மயக்கம் இருக்கிறது. வேலை நடக்கிறது என்ற எண்ணத்தை அது உண்டாக்குகிறது. பக்கத்து வளவுக்காரர் எட்டிப்பார்த்து, "மாஸ்டரின்ர மகன் கெட்டிக்காரன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் இன்னும் அரை நாள் தேய்த்தேன்.

பூட்டிய பின் இயந்திரம் இருமவும் மறுத்தது.

அப்பா அதை வாடகை உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு கல்முனைக்குப் போனார். நானும் கூடச் சென்றேன். அந்த நாட்களில் தமிழூரிலிருந்து முஸ்லிம் ஊருக்கும் முஸ்லிம் ஊரிலிருந்து தமிழூருக்கும் போகிறவர்கள் ஒருமுறைக்கு இருமுறை யோசித்தே புறப்படுவார்கள். ஆயினும் பழுதுபட்ட இரும்புக்குப் போக்கிடம் வேறில்லை. கல்முனையிற் கடைசல் பட்டறை வைத்திருந்த காக்கா ஒருவர் எங்கள் பகுதி இயந்திரங்கள் அனைத்துக்கும் வைத்தியர். அவர் தலைப்பகுதியைத் திறந்து பார்த்தார், என்னைப் பார்த்தார். வால்வு தன் இருக்கைக்குள் ஆழப் புதைந்துவிட்டிருந்தது. வால்வின் தண்டுக்கும் அதை உந்தும் உறுப்புக்கும் இடையே இருக்க வேண்டிய சிறு இடைவெளி அற்றுப்போனதால், மூட வேண்டிய நேரத்திலும் அது திறந்தே நின்றது. பின்னர் அவர் மண்ணெண்ணெய்த் தாங்கியிலிருந்து வரும் குழாயைக் கழற்றி ஊதினார். துருவும் சேறும் விரல்நகமளவு திரண்டு வெளியே விழுந்தன. முதல் நோய் அதுதான். ஊதினால் தீர்ந்திருக்கும். புதிய வால்வும் இருக்கையும் கொழும்பிலிருந்து வந்து சேர மூன்று வாரமாயிற்று. அதற்குள் மிளகாய்க் கன்றுகள் காய்ந்துபோயின. அப்பா என்னை ஒரு வார்த்தையும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

அந்தக் காக்காவுக்கு இப்போது எழுபத்தைந்து வயதுக்கு மேலிருக்கும். பட்டறையை மகன் நடத்துகிறார்; தகப்பனார் வாசலிற் சாய்மனைக் கதிரையில் அமர்ந்து, உள்ளே ஓடும் இயந்திரத்தின் ஒலியைக் கேட்டே, "கத்தி மழுங்கிட்டு" என்று குரல் கொடுப்பவர். மருமகளையும் குப்பியையும் அழைத்துக்கொண்டு அவரிடமே போவதென்று தீர்மானித்தேன். கோமாரியிலிருந்து பஸ்ஸில் அக்கரைப்பற்று வழியாகச் செல்லும்போது, அவள் தன் கைபேசியில் இருந்த அட்டைகளின் படங்களை எனக்குக் காட்டிக்கொண்டே வந்தாள். பத்துப் பத்துத் தோட்டாக்களாகச் சுட்ட அட்டைகள். நான் மாணவர்களுக்கு அளவீட்டு வழுக்களைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் படிப்பித்து வருபவன். எழுமாற்றாகச் சிதறும் வழு ஒன்று, ஒரு பக்கமாகவே இழுக்கும் வழு மற்றொன்று என்று கரும்பலகையில் புள்ளியிட்டுக் காட்டுபவன். அப்படியிருந்தும் அந்தப் படங்களைப் பார்த்தபோது, சிதறியிருக்கின்றன என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியவில்லை.

காக்கா கண்ணாடியை அணிந்துகொண்டு கைபேசியைத் தூரப் பிடித்துப் பார்த்தார். ஒரு படம், இரண்டு படம், மூன்று படம். "இது துவக்கு அடிச்ச ஓட்டையா, மகள்?" என்று மட்டும் கேட்டார். பிறகு சொன்னார்:

"மாஸ்டர், நான் துவக்குக் குழல் தேய்ச்சவன் இல்ல. ஆனா குழாய் குழாய்தானே. தேஞ்சு போன குழாய் எண்டா நாலு பக்கமும் சிந்தும். இங்க பாருங்க, இது சிந்தல்ல. ரெண்டு இடத்துல குந்துது. கொஞ்சம் இங்க, கொஞ்சம் அங்க. இது தேய்மானம் இல்ல. ஆட்டம்."

நான் மறுபடி பார்த்தேன். உண்மைதான். ஒவ்வோர் அட்டையிலும் துளைகள் இரண்டு கூட்டங்களாக, ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியில் நின்றன. ஏதோ ஓர் உறுப்பு இரண்டு இருக்கைகளில் மாறிமாறி அமர்கிறது. இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் நான் வரைந்துவந்த படமே அது. கண்ணெதிரே வந்தபோது அடையாளம் தெரியாமற் போயிற்று.

"அப்ப பசை?" என்று மருமகள் கேட்டாள்.

காக்கா குப்பியை வாங்கி முகர்ந்து பார்த்தார்; விரலிடை நெரித்துப் பார்த்தார். "நல்ல சாமான். ஆனா மகள், குழாய்க்குள்ள நீங்க முன்னுக்கும் பின்னுக்கும் இழுக்கக்குள்ள ரெண்டு வாயும் அகலும். நடு சரியா வரும், வாய் கெட்டுப் போகும். இரும்பு போனா போனதுதான். அத ஆரு திருப்பி ஒட்டுறது?"

துப்பாக்கி தேய்த்தறியாத அந்த முதியவர் சொன்னது முற்றிலும் சரி என்பதைக் குழல் செய்வோரின் வழக்கமே காட்டும். அவர்கள் தேய்ப்பது குழலின் நீளத்தை அறுத்து முடிப்பதற்கு முன்னர். தேய்த்து முடிந்ததும் அகன்றுபோன இரு முனைகளையும் சில சென்ரிமீற்றர் அறுத்து எறிந்துவிடுகிறார்கள். அதன் பின்புதான் ஒரு முனையில் தோட்டா அமரும் அறையையும் மறு முனையில் வாயையும் கடைந்தெடுக்கிறார்கள். சன்னத்தை இறுதியாகத் தொட்டு வழியனுப்புவது அந்த வாயின் விளிம்பு. அது ஒரு பக்கம் சிறிது அகன்றிருந்தாலும், பின்னால் வரும் வாயு அந்தப் பக்கமாக முந்திக்கொண்டு சன்னத்தின் அடியைத் தள்ளிவிடும். முடிந்துபோன குழலைக் கொண்டுவந்து வீட்டில் தேய்ப்பவனுக்கு அறுத்தெறிய மிச்ச நீளம் ஏது?

இவ்விடத்தில் ஆசிரியர் புத்தி சிறிது தலைகாட்டுவதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். குழலின் உட்புறத்தைச் சீராகக் கடைவது என்ற இந்த ஒரு தொல்லையிலிருந்து உலகத்துக்குக் கிடைத்தவை கொஞ்சமல்ல. இங்கிலாந்தின் ஜோன் வில்கின்சன் 1774இல் பீரங்கிக் குழலைத் துல்லியமாகக் கடையும் முறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார்; அவருடைய கடைசல் திறமையாலேயே ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரத்துக்கு ஒழுகாத உருளை கிடைத்தது. மியூனிக் நகரில் பீரங்கி கடைவதை மேற்பார்த்த ரம்ஃபோர்ட் பிரபு, மழுங்கிய கருவியால் உலோகத்தைத் தேய்க்கவிட்டு, நெருப்பில்லாமலே இரண்டரை மணி நேரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் காட்டினார். வெப்பம் என்பது ஒரு பொருளன்று, இயக்கத்தின் விளைவு என்ற கருத்துக்கு 1798இல் வெளிவந்த அந்தப் பரிசோதனை பெரியதோர் ஆதாரமாயிற்று. இவற்றை வகுப்பிற் சொல்லும்போது நான் பீரங்கி என்ற சொல்லை விரைவாகக் கடந்து நீராவிக்கும் கொதிநீருக்கும் போய்விடுவது வழக்கம். ஏன் என்று எந்த மாணவனும் கேட்டதில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கேட்காமலே தெரியும்.

கல்முனையிலிருந்து திரும்பும் வழியில் மருமகள் வாடிப்போயிருந்தாள். தேய்ப்பதென்றால் அவள் தானே செய்யக்கூடிய வேலை. ஆட்டத்தைக் கண்டுபிடிப்பது எங்கிருந்து தொடங்குவதென்று தெரியாத வேலை. அன்றிரவு விளக்கடியில் இருவரும் ஒரு கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டோம். குறிபார்க்கும் உறுப்புகள் இரண்டுக்கும் இடையே 80 சென்ரிமீற்றர் இருக்குமாயின், அவற்றுள் ஒன்று ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு நகர்ந்தாலே 50 மீற்றரில் 6 மில்லிமீற்றர் விலகும். சன்னம் செக்கனுக்கு 330 மீற்றர் வேகத்திற் செல்வதாகக் கொண்டால், காற்றின் தடையை விட்டுவிட்டுப் பார்த்தாலும், இலக்கை அடைவதற்குள் அது 11 சென்ரிமீற்றர் கீழிறங்கும். வேறொரு தோட்டாவில் மருந்து சற்றுக் குறைந்து வேகம் 320 ஆனால், மேலும் 7 மில்லிமீற்றர் கீழே விழும். நடுவட்டத்தின் அகலமே 10.4 மில்லிமீற்றர். இந்த வகைத் தோட்டாவை வாங்கியவர் தாமே பிரித்து மருந்தளந்து மாற்ற இயலாது. ஆகையால் பெரிய வீரர்கள் தோட்டாக்களைத் தொகுதி தொகுதியாகச் சோதித்து, தம் துப்பாக்கிக்கு இசைந்த தொகுதி எதுவென்று கண்டபின் அதையே சேமித்து வாங்குகிறார்கள். இங்கிலாந்தின் ஈலி போன்ற உற்பத்தியாளர்கள், துப்பாக்கியைக் கிடுக்கியில் பூட்டிச் சுட்டுப் பார்ப்பதற்கென்றே சோதனைக் களங்கள் வைத்திருக்கிறார்கள். மனிதக் கை அங்கே விலக்கப்படுகிறது. துப்பாக்கியின் குறை எது, கையின் குறை எது என்று பிரித்தறிய வேறு வழியில்லை.

கொப்பியின் கடைசித் தாளில் அவள் செய்ய வேண்டியவற்றை எழுதிக்கொண்டாள். முதலில் ஆணிகள், பிறகு குறிபார்க்கும் உறுப்புகள், பிறகு துப்புரவு, பிறகு தோட்டா, அதன் பின்னும் தீராவிட்டால் மட்டும் குழல், அதுவும் குழல் செய்யும் கைவினைஞரிடம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்று நான் சொன்னதை அவள் சிவப்பு மையால் எழுதினாள். இதை என் மாணவர்கள் எவரும் சிவப்பு மையால் எழுதியதில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள், அவள் தன் பையிலிருந்து உண்மையான அட்டை ஒன்றை எடுத்துத் திண்ணையில் விரித்து வைத்திருந்தாள். அம்மா அவ்வழியே வந்தவர் நின்றார். குனிந்து, துளைகளை விரலாற் தடவிப் பார்த்தார்.

"இதையா சுடுறாய்?"

"ஓம் அம்மம்மா. கடதாசியைத்தான்."

"கடதாசியை மட்டுந்தானே?"

"மட்டுந்தான்."

அம்மா வெகு நேரம் நின்றார். பிறகு, "அடுத்த ஆடி அமாவாசைக்கும் வா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த விடயத்தில் அவர் பேசியது அவ்வளவே. அவர் மனம் ஆறிற்று என்று நான் எழுதினால் அது பொய்யாகும்.

ஐப்பசி மாதத்தில் மருமகளிடமிருந்து செய்தி வந்தது. துப்பாக்கியின் இரும்புப் பாகத்தை மரப் பாகத்தோடு பிணைக்கும் ஆணிகள் இரண்டில் ஒன்று தளர்ந்திருந்ததாம். சங்கத்து முதியவர் ஒருவர், எவ்வளவு விசை கொடுக்கிறோம் என்று அளந்து காட்டும் திருகுசாவியால் இரண்டையும் குறித்த அளவுக்கு இறுக்கிக் கொடுத்திருக்கிறார். அடுத்த அட்டையில் இரண்டு கூட்டங்களும் ஒன்றாகிவிட்டன. 24 மில்லிமீற்றர் அகலத்துக்குச் சிதறியவை 17க்குள் வந்தன. ஆனால் மேலுங் கீழுமாக நீண்டிருந்தன. வேகத்தின் வேறுபாடாக இருக்கலாம் என்று எண்ணி நான்கு தொகுதித் தோட்டாக்களைச் சோதித்தாள். ஒன்று மட்டும் 14 மில்லிமீற்றருக்குள் வட்டமாக விழுந்தது. "மிச்சம் என்ர மூச்சு, மாமா" என்று எழுதியிருந்தாள். குழலைக் கண்ணாடிக் கருவியிட்டுப் பார்த்த முதியவர் அது நன்றாகவே இருக்கிறதென்று சொன்னாராம். அவள் பசை வாங்கிய செய்தியைக் கேட்டு அவர் தலையிற் கை வைத்துக்கொண்டாரென்றும் எழுதியிருந்தாள்.

அந்தப் பசை இங்கேயே தங்கிவிட்டது. அவள் விட்டுச் சென்ற குப்பியை அலுமாரியில் வைத்திருந்தேன். மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை கல்முனைக்குப் போனபோது அதை எடுத்துச் சென்று காக்காவிடம் கொடுத்தேன். அன்று பட்டறையில் யாரோ ஒரு விவசாயியின் நீரிறைக்கும் இயந்திரம் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. காக்காவின் மகன் குழாயை ஊதிப் பார்த்தார், தாங்கியைக் கழுவினார், தீப்பொறியைச் சோதித்தார். கடைசியாகத்தான் தலைப்பகுதியைத் திறந்தார். வால்வின் விளிம்பில் கரிபடிந்து, ஓரிடத்தில் சிறு பள்ளம் இருந்தது.

காக்கா கதிரையிலிருந்து எழுந்து வந்தார். குப்பியிலிருந்து உளுந்தளவு பசையைத் தொட்டு விளிம்பில் வைத்து, வால்வை இரண்டு உள்ளங்கைகளுக்கிடையே பத்துப் பன்னிரண்டு முறை உருட்டினார். துடைத்தார். பார்த்தார். இன்னும் ஐந்து முறை உருட்டினார். பின்பு அதை இருக்கையில் வைத்து, மேலே மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டு எங்களையெல்லாம் பேசாமலிருக்கச் சொன்னார். தேநீர் வந்தது, குடித்தோம். அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்த்து, விரலை என்னிடம் நீட்டினார். உலர்ந்திருந்தது.

"பூட்டு" என்றார் மகனிடம்.